மண்ணெண்ணெயில் ஓடி மிஞ்சிய கார்கள்: தீவகத்தின் பழைய வாகனங்களை அடையாளம் காண, மீட்க, காக்க

யாழ்ப்பாணத்துக்கு வரும் வெளியூர்க்காரர் முதலில் வியப்பது இங்குள்ள பழைய கார்களைத்தான். ஒஸ்ரின் சமர்செற், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று, பிறந்த நாட்டில் கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும் வண்டிகள் இங்கே கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருந்தன. சில இன்னும் ஓடுகின்றன. பார்ப்பவர்கள் இதை யாழ்ப்பாணத்தாரின் சிக்கனம் என்றோ பழைமைப் பற்று என்றோ எழுதிவிட்டுப் போகிறார்கள். சிக்கனம் ஒரு காரணம்தான். ஆனால் இந்தக் கார்கள் இவ்வளவு காலம் மிஞ்சியதற்குப் பெரிய காரணம் போர். புதிய வாகனம் உள்ளே வர வழியில்லாத ஆண்டுகளில், இருந்ததை ஓட்டியே ஆகவேண்டியிருந்தது.

தீவகத்தில் கதை சற்று வேறு. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கங்களில் கூரையிழந்த வீடுகளின் கராச்சுகளிலும் பற்றைக்குள்ளும் கார்களின் எச்சங்கள் கிடக்கின்றன. 1990 இல் உடுத்த உடையோடு வெளியேறியவர்கள் விட்டுப்போனவை அவை. இன்று கனடாவிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ வரும் பேரப்பிள்ளை அதைப் பார்த்து, "இது அப்பப்பாவின் கார், திருத்தி எடுக்கலாமா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல உதவும் குறிப்புகளே இக்கட்டுரை: வாகனம் எது, எந்தக் காலத்தது, யாருக்குச் சொந்தம், எப்படித் தொடங்குவது, எதை மாற்றக்கூடாது.

எது பழைய கார்?

எல்லாப் பழைய காரையும் 'வின்ரேஜ்' என்பது நம்மூர் வழக்கம். சேகரிப்பாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு, ஃபீவா என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, 1966 இல் தொடங்கப்பட்டது. அதன் கணக்கில் குறைந்தது 30 வயதாகி, மூல நிலையில் பேணப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வாகனமே வரலாற்று வாகனம். 1904 வரையானவை 'மூதாதை' வகை. 1905 முதல் 1918 வரை 'வெற்றரன்'. 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவைதான் 'வின்ரேஜ்'. 1931 முதல் 1945 வரை அதற்கடுத்த வகை. 1946 முதல் 1960 வரையானவை போருக்குப் பிந்திய கார்கள். இங்கே போர் என்பது இரண்டாம் உலகப் போர்.

நம்மிடம் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகைக்குள் வரும். உலகச் சந்தையில் இவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. மொறிஸ் மைனர் மட்டும் 1948 முதல் பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. ஆகவே பணம் பண்ணலாம் என்று இறங்குபவர் ஏமாறுவார். திருத்தச் செலவு வண்டியின் விலையைத் தாண்டுவதே வழமை. இதன் பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது.

தீவுக்குக் கார் வந்த வழி

இலங்கையில் மோட்டார் வாகனம் வைத்திருந்தோர் சங்கம் அமைத்தது 1904 இல். ஆனாலும் வடக்கில் கார் நெடுங்காலம் வைத்தியர், சட்டத்தரணி, பெருவர்த்தகர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. தீவகத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் வர்த்தகர்கள். புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை ஆட்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்திருந்தார்கள். கடையில் உழைத்த காசில் ஊரில் கல்வீடு எழும்பியது. கோயில் திருப்பணி நடந்தது. வசதி கூடியவர் வாசலில் கார் நின்றது. திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது காரில் வருவது ஒரு கௌரவம்.

பண்ணைக் கடலைக் கடக்கும் தாம்போதி வேலணைத் தீவை யாழ். நகரோடு இணைத்தது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் வாணர் பாலம் வந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு இன்றும் 'பாதை'யில் ஏறித்தான் கடக்கவேண்டும். குறிகட்டுவானுக்கு அப்பால் தரை வழியே இல்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வாகனம் கொண்டுபோவதென்றால் கடலில் ஏற்றித்தான். அதனால் அந்த இரு தீவுகளிலும் கார் எப்போதும் அரிது. உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்டரும் மோட்டார் சைக்கிளுமே அங்குள்ள வாகனங்கள். நெடுந்தீவில் பழைய வாகன எச்சம் ஒன்று கிடைத்தால், கடல் கடந்து வந்தது என்ற ஒரு காரணத்துக்காகவே அதைப் பதிவுசெய்து வைப்பது தகும்.

குடாநாட்டின் சொந்த வாகனம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது தட்டிவான். செவர்லே, ஃபோர்ட் போன்ற லொறிகளின் செசியில் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தால் உடல் கட்டினார்கள். பின்னால் சங்கிலியில் தொங்கும் பலகைதான் 'தட்டி'. ஆட்கள் உள்ளே, வாழைக்குலை, மரக்கறி, மீன்கூடை தட்டியிலும் கூரையிலும். கொடிகாமம் - பருத்தித்துறை வழியில் இவை போருக்குப் பின்னும் ஓடின. எந்தத் தொழிற்சாலைப் பட்டியலிலும் இல்லாத வாகனம் இது. ஒரு மொறிஸ் மைனரை அழியவிட்டால் உலகில் வேறு ஆயிரக்கணக்கானவை உண்டு. தட்டிவான் அழிந்தால் அந்த இனமே அழிந்தது.

தடையும் மண்ணெண்ணெயும்

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றறி, ரயர், உதிரிப்பாகம், இரும்பு, சீமெந்து எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். மின்சாரமும் போனது. கிடைத்த கொஞ்சப் பெற்றோல் தங்கத்தைப் போலப் போத்தலில் அளந்து விற்கப்பட்டது. அப்போது யாழ்ப்பாணம் கண்டுபிடித்த வழி எல்லோருக்கும் தெரியும்: சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வெண்புகையும் அந்த மணமும் ஒரு தலைமுறையின் நினைவில் இருக்கின்றன.

எல்லா வாகனமும் அப்படி ஓடவில்லை. ஏன் பழைய ஒஸ்ரின் ஓடியது? இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அமுக்க விகிதம். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் மிகக் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முன்பே வெடித்துப் 'தட்டும்'. 1952 முதல் 1954 வரை வந்த ஒஸ்ரின் ஏ-40 சமர்செற்றின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1. பிந்திய கார்களைவிட அது கணிசமாகக் குறைவு. தரங்குறைந்த எரிபொருளை அது பொறுத்துக்கொண்டது.

இரண்டாவது, சூடு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. இந்தப் பழைய பிரித்தானிய எஞ்சின்களில் எரிபொருள் உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். புகைக் குழாயின் வெப்பம் எண்ணெயை ஆவியாக்க உதவியது.

மூன்றாவது, எளிமை. சமர்செற்றிலும் மைனரிலும் முன்னால் கம்பி போட்டுச் சுற்றி இயக்கலாம். பற்றறி செத்தாலும் வண்டி சாகாது. தீப்பொறி தருவது கொயிலும் பொயின்றும். ஒரு துண்டு உப்புத்தாளும் திருப்புளியும் இருந்தால் சரிசெய்யலாம். கணினியோ உணரியோ கிடையாது.

இதற்கு எஞ்சின் கொடுத்த விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சின் ஓயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஓயில் பெயரிங்குகளைத் தின்னும். தலைப்பகுதியில் கரி படியும். ஆகவே அந்த ஆண்டுகளில் ஓடிய எஞ்சினைத் திறப்பவர் சிலிண்டர் தேய்வையும் பெயரிங் தேய்வையும் எதிர்பார்த்தே திறக்கவேண்டும்.

தீவகத்துக் கார்களில் இந்தக் கட்டத்தைக் காணாதவையும் பல. 1990, 1991 இல் தீவகம் படையினர் கைக்குப் போனது. மக்களில் பெரும்பாலோர் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். விடப்பட்ட கார் அன்றே நின்றுவிட்டது. குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கார்கள் 1995 ஒக்ரோபர் 30 இன் பெரும் இடப்பெயர்வில் தென்மராட்சி வரை போயின. கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்குப் போக மிகச் சிலவற்றுக்கே முடிந்தது. ஒரு காரில் தேய்வு எவ்வளவு, துரு எவ்வளவு என்பதைப் பார்த்தே அது எந்த வழியில் போனது என்று ஓரளவு ஊகிக்கலாம். ஓடித் தேய்ந்தது குடாநாட்டுக் கார். நின்று துருப்பிடித்தது தீவுக் கார்.

அடையாளம் காணல்

முதலில் இலக்கத் தகடு. அது வாகனத்தின் வயதை மட்டுமல்ல, நாட்டின் அரசியலையும் சொல்லும். 'சிலோன்' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து எடுத்த சி.ஈ, சி.எல், சி.என், சி.வை, ஈ.எல், ஈ.என், ஈ.வை போன்ற இரட்டை எழுத்துகள் இருந்தால் அது 'ஸ்ரீ'க்கு முந்திய பதிவு. 1957 இல் அரசு சிங்கள 'ஸ்ரீ' எழுத்தை இலக்கத் தகட்டில் கட்டாயமாக்கியது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துத் தமிழ் 'ஸ்ரீ' தகட்டோடு வாகனம் ஓட்டியது. 1958 இல் சிங்கள ஸ்ரீ பொறித்த அரச பஸ்கள் வடக்குக்கு வந்தபோது தார் பூசும் போராட்டம் வெடித்தது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9 இல் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம். அந்தத் தகடு இன்னும் ஒரு காரில் இருந்தால், தயவுசெய்து அதைக் கழற்றி எறியவேண்டாம். அடியில் பழைய வண்ணமோ வேறெழுத்தோ தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆனால் தகடு மட்டும் போதாது. தகடு கழற்றி மாட்டக்கூடியது. பதிவு ஆண்டும் உற்பத்தி ஆண்டும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அடுத்துப் பார்க்கவேண்டியவை:

செசி இலக்கத் தகடு. பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னுள்ள இரும்புச் சுவரில் சிறு உலோகத் தகடு இருக்கும். ஒஸ்ரின் ஏ-40 இல் இலக்கத்துக்கு முன்னுள்ள எழுத்து ஜி.எஸ்-2 என்றால் டெவன், ஜி.எஸ்-4 என்றால் சமர்செற். 1950களின் மொறிஸ் மைனரில் மூன்று எழுத்தும் இரண்டு எண்களும் வரும். முதலெழுத்து எஃப் என்றால் மைனர். இரண்டாவது எழுத்து ஏ என்றால் நான்கு கதவு, பி என்றால் இரண்டு கதவு. மூன்றாவது வண்ணம். அடுத்த எண் 2 என்றால், வலப்பக்க ஸ்ரியறிங்குடன் ஏற்றுமதிக்குச் செய்தது. தொழிற்சாலையில் பூசிய வண்ணம் எது என்ற சண்டை இங்கேயே தீர்ந்துவிடும்.

எஞ்சின் இலக்கம். இது செசித் தகட்டில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறது. நம்மிடத்தில் அது குற்றமல்ல, வழமை. ஆனால் பதிவுப் புத்தகத்தில் எந்த இலக்கம் இருக்கிறது என்பது பிறகு சிக்கலாகும்.

உடல் அடையாளங்கள். மைனரின் முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது. வளைந்த ஒற்றைக் கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தியது. எஞ்சின் கொள்ளளவு 918 சிசி என்றால் முதற் கட்டம், 803 என்றால் அடுத்தது, 948 என்றால் 1956 முதல், 1098 என்றால் 1962 முதல். கேம்பிறிட்ஜில் 1959க்குப் பிந்தியவை பின்னால் வால் போல் நிமிர்ந்த கூர்முனை கொண்டவை.

சிறு பாகங்களின் திகதி. லூகாஸ் நிறுவனத்தின் டைனமோ, ஸ்ராற்றர், டிஸ்ரிபியூற்றர் உடல்களில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் பல பாகங்களும் ஓரிரு மாத வித்தியாசத்தில் ஒத்துப்போனால், அது பெரிதாகக் கைவைக்கப்படாத வண்டி.

இங்கிலாந்தில் கேய்டன் என்ற இடத்தில் பிரித்தானிய மோட்டார்த் தொழில் மரபுரிமை நிதியம் இருக்கிறது. ஒஸ்ரின், மொறிஸ் ஆகியவற்றின் உற்பத்திப் பதிவேடுகளில் எஞ்சியவை அங்கே உள்ளன. செசி இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், பதிவேடு இருக்கும் வாகனங்களுக்கு எந்த நாளில் செய்யப்பட்டது, எங்கே அனுப்பப்பட்டது என்ற சான்றிதழ் தருவார்கள். வீட்டு ஆவணம் எல்லாம் எரிந்துபோன குடும்பத்துக்கு, தங்கள் கார் எந்த நாளில் கொழும்புக்குப் புறப்பட்டது என்று ஒரு தாள் சொல்வது சிறிய விடயமல்ல.

யாருக்குச் சொந்தம்?

திருத்த வேலைக்கு முன்னர் தீர்க்கவேண்டியது இது. பெரும்பாலானோர் கடைசியில் இதைத் தொட்டு அவதிப்படுகிறார்கள்.

இலக்கம் தெரிந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த வாகனத்தின் பதிவு விவரத்தைக் கேட்கலாம். பதிவுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டோடு இணைப் பிரதிக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. தகடும் இல்லை, புத்தகமும் இல்லை என்றால் செசி இலக்கமே கடைசிச் சாட்சி. ஆகவே துருவைச் சுரண்டும்போது இலக்கம் பொறித்த இடத்தைக் கிறைண்டரால் தொடவே கூடாது. முதலில் படமெடுங்கள், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள்.

பதிவுரிமையாளர் இறந்திருந்தால் வாகனம் அவரது மரபுரிமைச் சொத்து. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். திருமண காலத்தில் உழைத்து வாங்கிய கார் 'தேடிய தேட்டம்'. அதில் மனைவிக்கும் உரிமை உண்டு. "அப்பாவின் கார்" என்று மூத்த மகன் தனியே விற்றுவிட முடியாது. சகோதரங்கள் நாலு நாட்டில் இருந்தாலும் நாலு பேரின் ஒப்பமும் வேண்டிவரலாம். ஒரு சட்டத்தரணியிடம் ஆரம்பத்திலேயே கேட்பது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

பதிவுரிமையாளர் காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால் நிலைமை மேலும் கடினம். மரணச் சான்றிதழ் எடு என்று சொல்வது பல குடும்பங்களால் தாங்கமுடியாத ஒன்று. 2016 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், மரணத்தைப் பதியாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழிசெய்தது. அதை வைத்துச் சொத்துகளைக் கவனிக்க முடியும். ஒரு காருக்காக யாரும் தங்கள் பிள்ளையை இறந்தவராகப் பதியவேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி சட்டத்தில் இல்லாதது. சொந்தக்காரர் 1990 இல் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அல்லது ஊர் மெக்கானிக் அந்தக் காரை எடுத்து, கழுவி, மறைத்து, ஓட்டி, முப்பது ஆண்டு காப்பாற்றினார். இன்று வெளிநாட்டிலிருந்து வந்தவர் "இது எங்களுடையது" என்கிறார். பதிவு அவர் பக்கம். உழைப்பு இவர் பக்கம். இதில் நீதிமன்றத்துக்குப் போகாமல் பேசித் தீர்த்தவர்களே காரையும் உறவையும் காப்பாற்றியிருக்கிறார்கள். காத்தவருக்கு உரிய காசைக் கொடுப்பது, அல்லது கார் அவரிடமே நிற்க நல்லது கெட்டதுக்குக் குடும்பத்துக்குக் கிடைப்பது என்று ஏதோ ஒரு வழி வேண்டும். அவரைக் கள்வன் என்று தொடங்கும் பேச்சு எங்கும் போய்ச்சேராது.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். 1945க்கு முன்னர் இலங்கையில் முதற்பதிவு செய்யப்பட்ட பயணிகள் மோட்டார் வாகனங்களை ஏற்றுமதி செய்ய இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. துண்டு துண்டாகக் கழற்றிக் கொள்கலனில் போடலாம் என்று சொல்லும் தரகரை நம்பவேண்டாம்.

வேலை தொடங்கும் ஒழுங்கு

காருக்கு அருகில் போவதற்கு முன் நிலத்தைப் பாருங்கள். நீண்ட காலம் ஆளில்லாத வளவு, படையினர் இருந்த இடம் என்றால், அங்கே கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதிப்படுத்துங்கள். காருக்குள்ளும் டிக்கிக்குள்ளும் வெடிபொருள் போன்ற எது தெரிந்தாலும் தொடாமல் அறிவியுங்கள். பற்றைக்கு நெருப்பு வைத்துத் துப்புரவாக்கும் பழக்கம் இங்கே உயிராபத்து.

அடுத்து, இழுக்காதீர்கள். மைனருக்குத் தனிச் செசி கிடையாது. உடலே அதன் எலும்புக்கூடு. அடித்தகடு உக்கியிருந்தால் கயிறு போட்டு இழுக்கும்போது இரண்டாக மடியும். சமர்செற்றுக்குத் தனிச் செசி உண்டு. அது கொஞ்சம் தாங்கும். எதுவானாலும் அடியில் மரப்பலகை கொடுத்து முழுதாகத் தூக்கி ஏற்றுவதே நல்லது.

எஞ்சின் இறுகியிருந்தால் கம்பி போட்டுப் பலங்கொண்டு சுற்றவேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மெல்லிய ஓயில் விட்டு, நாட்கணக்கில் ஊறவிடுங்கள். பிறகு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அவசரப்பட்டவன் பிஸ்டனை உடைப்பான்.

தீவகத்தின் எதிரி உப்பு. கடற்காற்று மூன்று பக்கமும். சாதாரணத் துருவைச் சுரண்டி வண்ணமடித்தால் போதும். உப்புத் துருவுக்கு அது போதாது. இரும்பின் குழிகளுக்குள் இருக்கும் உப்பு வண்ணத்துக்கு அடியிலிருந்து மீண்டும் வேலை செய்யும். நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, உடனே உலர்த்தி, அன்றே முதற்பூச்சு கொடுக்கவேண்டும். தீவுகளில் நல்ல தண்ணீரே தட்டுப்பாடு. உவர்க் கிணற்று நீரில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. மழைநீரைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். மாரியில் கழுவும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சிறு பாகங்களைச் சலவைச் சோடாக் கரைசலில் இட்டு, பற்றறி சார்ஜரின் நேர்முனையை ஓர் இரும்புத் துண்டிலும் எதிர்முனையைப் பாகத்திலும் கொடுத்தால் துரு கழன்றுவரும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எவர்சில்வரைப் பயன்படுத்தவேண்டாம், நச்சு உண்டாகும். இந்த வேலை திறந்த வெளியில்தான்.

பெற்றோல் தாங்கி வெறுமையாக இருந்தாலும் வெல்டிங் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். வெறுந்தாங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

பிறேக்கில் சிக்கனம் கூடாது. ரப்பர் வளையம், குழாய், சிலிண்டர் அனைத்தும் புதிது. அதற்குரிய பிறேக் ஓயில்தான் விடவேண்டும். எஞ்சின் ஓயில் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பழைய பிறேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மைனரில் முன் சில்லைத் தாங்கும் 'றனியன்' என்ற திருகு மூட்டைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். கிறீஸ் காணாத மூட்டு ஓடும்போது கழன்று சில்லு மடிந்துவிடும்.

மின்னிணைப்பில், அக்காலப் பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படும். இன்றைய வழக்கப்படி மாற்றிக் கொடுத்தால் டைனமோவும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேதமாகும்.

2002 முதல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் விற்கப்படுவதில்லை. பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம் ஒரு பாதுகாப்பு. எஞ்சினைத் திறக்கும்போதே கடினமான இருக்கைகள் போட்டுவிட்டால் பிறகு கவலையில்லை.

உதிரிப்பாகம்

கொழும்பில் பஞ்சிகாவத்தை இன்னும் முதல் இடம். சென்னைக்குப் போகிறவர்கள் ஜி.பி. ரோட்டையும் புதுப்பேட்டையையும் பார்க்கலாம். மொறிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் தொடரே இந்தியாவில் அம்பாசிடராக 2014 வரை செய்யப்பட்டது. ஆகவே ஒக்ஸ்போர்ட்டின் பல பாகங்களுக்கும், 1489 சிசி எஞ்சின் கொண்ட கேம்பிறிட்ஜின் சில பாகங்களுக்கும் அம்பாசிடர் உறவு. அதற்கு முந்திய ஒக்ஸ்போர்ட் இந்தியாவில் 'லாண்ட்மாஸ்டர்' என்ற பெயரில் வந்தது. நம்மூர்க் கை உழவு இயந்திரத்தோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். மைனருக்கு இங்கிலாந்தில் ஏறத்தாழ எல்லாப் பாகமும் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. புலம்பெயர்ந்த உறவினர் ஒருவரின் பயணப் பெட்டியில் ஒரு பிறேக் ரப்பர் செற்றுக்கு எப்போதும் இடமிருக்கும்.

பாகத்தைவிட அரிது கை. பெற்றோலும் பாகமும் இல்லாத காலத்தில் ஓட்ட வைத்த மெக்கானிக்மார், தகரம் தட்டுபவர்கள், வானுக்கு உடல் கட்டிய தச்சர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். அவர்கள் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. திருத்த வேலை செய்கிறவர்கள் அவர்களைக் கொண்டே செய்யவேண்டும். ஓர் இளையவரை அருகில் நிறுத்தவேண்டும். பேசுவதைக் கைத்தொலைபேசியிலாவது பதிவுசெய்யவேண்டும்.

புதிதாக்குவதா, காப்பதா?

வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் காணும் திருத்தம், காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குக் கொண்டுபோவது. மினுங்கும் வண்ணம், புதிய தோல், கறையில்லாத எஞ்சின். பார்க்க அழகுதான். ஆனால் பழைய வாகனங்கள் பற்றி ஃபீவா ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயம் வேறொன்று சொல்கிறது: வாகனம் வாழ்ந்த காலம் முழுவதும் அதன் வரலாறு; முடிந்தவரை காப்பது முதல், புதிதாக்குவது கடைசி; செய்த மாற்றங்களை எழுதி வைக்கவேண்டும்.

நமக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியல்ல. கதவில் ஷெல் துண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்குமாக மெக்கானிக் ஒருவர் பொருத்திய இரட்டைக் குழாய் எஞ்சினருகே இருக்கிறது. ரயர் கிடைக்காத காலத்தில் வேறு வாகனத்தின் சில்லு போட வெட்டிய மக்காட் இருக்கிறது. தொழிற்சாலைக் கணக்கில் இவையெல்லாம் பிழைகள். இவற்றைத் தட்டி நிரப்பி வண்ணமடித்தால் 1953 ஆம் ஆண்டுக் கார் ஒன்று கிடைக்கும். அப்படியொன்று பேர்மிங்ஹாமிலும் கிடைக்கும். 1990 முதல் 2009 வரை இந்த மண்ணில் நடந்ததைத் தன் உடலில் வைத்திருக்கும் கார் வேறெங்கும் கிடைக்காது.

அதற்காக எல்லோரும் ஓட்டையோடு ஓட்டவேண்டும் என்பதில்லை. தினமும் அந்தக் கதவைப் பார்க்க முடியாத தாய்மார் இருக்கிறார்கள். முடிவு குடும்பத்தினுடையது. ஆனால் மூடுவதற்கு முன் படமெடுங்கள், அளவெடுங்கள், எங்கே, எப்போது நடந்தது என்று தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள், கழற்றிய இரட்டைக் குழாயையும் துருப்பிடித்த தகட்டையும் ஒரு பெட்டியில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் 2015 முதல் இயங்குகிறது. வடக்கில் அப்படியொன்று இன்னும் இல்லை. என்றாவது ஒருநாள் வரும்போது, அங்கே வைக்க மினுங்கும் கார்கள் நிறையக் கிடைக்கும். அந்தப் பெட்டிகள்தான் கிடைக்காமற் போகும்.